புற்றுநோய் சிகிச்சை: யார் கணக்கிலும் வராத காத்திருப்பு நாட்கள்

சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டங்கள் விரிவடைந்துள்ளன; மருந்துகள் மீதான வரிகள் குறைக்கப்பட்டுள்ளன. ஆயினும் முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் இடைப்பட்ட காலம் நோயாளியின் தனிச்சுமையாகவே நீடிக்கிறது.

புதுடெல்லி: இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டதாகவும், 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. புதிய நோயாளிகள் மூவருக்கு ஏறக்குறைய இருவர் என்ற விகிதத்தில் உயிரிழப்பு நேர்கிறது என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

உலக அளவில் அதே ஆண்டில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புற்றுநோய் ஏற்பட்டது. 97 லட்சம் பேர் உயிரிழந்தனர். அங்கே விகிதம் இருவருக்கு ஒருவர். அமெரிக்காவில் நால்வருக்கு ஒருவர்.

எந்த வகைப் புற்றுநோய் அதிகம், எத்தனை பேர் பரிசோதிக்கப்படுகின்றனர் என்பவற்றைப் பொறுத்து இவ்விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். எனவே இதை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. ஆனால், ஒரே வகை நோயை எடுத்துக்கொண்டு பார்த்தாலும் இடைவெளி தெளிவாகவே உள்ளது. 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்து ஆண்டுகளைக் கடந்து உயிர்வாழ்வோரின் அளவு அமெரிக்காவில் 90 சதவீதம், இந்தியாவில் 66 சதவீதம் என்று 2018ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது.

இந்த இடைவெளிக்கு மருந்துப் பற்றாக்குறை மட்டுமே காரணம் அன்று. மார்பகப் புற்றுநோய்க்கான அடிப்படை மருந்துகள் பலவற்றை மலிவு விலையில் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. உயர்நிலை மையங்களில் தேர்ந்த மருத்துவர்களும் உள்ளனர். ஆனால், அவர்களிடம் நோயாளி வந்து சேரும்போது நோய் வெகுதூரம் சென்றுவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020இல் வெளியிட்ட தரவுகள் இதை உறுதி செய்கின்றன. மார்பகப் புற்றுநோயாளிகளில் 57 சதவீதத்தினர், கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளில் 60 சதவீதத்தினர், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளிகளில் 66.6 சதவீதத்தினர் ஆகியோருக்கு, சுற்றியுள்ள பகுதிகளுக்கு நோய் பரவி முற்றிய நிலையிலேயே அது கண்டறியப்பட்டது. நுரையீரல் புற்றுநோயில், ஆண்களில் 44 சதவீதத்தினருக்கு நோய் பிற உறுப்புகளுக்கும் பரவிய பின்னரே தெரியவந்தது.

மூன்று கட்டங்கள்

இந்தத் தாமதத்தைப் பொதுச் சுகாதாரத் துறையினர் மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றனர். அறிகுறி தோன்றியது முதல் மருத்துவரைச் சந்திப்பது வரை முதற்கட்டம். அந்த முதல் சந்திப்பிலிருந்து நோய் இன்னதென்று உறுதியாவது வரை இரண்டாம் கட்டம். உறுதியானதிலிருந்து சிகிச்சை தொடங்கி, அது தடையின்றி முடிவது வரை மூன்றாம் கட்டம்.

விழிப்புணர்வுப் பிரசாரங்கள் முதற்கட்டத்தைக் குறிவைக்கின்றன. காப்பீட்டுத் திட்டங்களும் புதிய மருத்துவமனைகளும் மூன்றாம் கட்டத்தைக் கவனிக்கின்றன. இடையில் உள்ள இரண்டாம் கட்டத்துக்கோ தெளிவான பொறுப்பாளர் எவரும் இல்லை. வளரும் நாடுகளில் பெருமளவு காலமும் பணமும் கரைவது இந்த இடைவெளியில்தான்.

வலியில்லாத கட்டி

முதற்கட்டத் தாமதத்தை நோயாளியின் அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வாயின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டும் அன்றாட வேலையைத் தடுப்பதில்லை. வலியில்லாத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துச் செலவு செய்து நகரத்து மருத்துவமனைக்குச் செல்வது என்பது ஓர் ஏழைக் குடும்பத்தில் எளிதில் எடுக்கப்படும் முடிவு அன்று. பெண்களைப் பொறுத்தவரை, கூச்சமும், உடன் வர ஆள் இல்லாமையும், வீட்டாரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையும் சேர்ந்துகொள்கின்றன.

அறிகுறி தோன்றும் முன்பே நோயைத் தேடிச் செல்லும் பரிசோதனைகளும் போதிய அளவில் நடைபெறவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் 1.9 சதவீதம் மட்டுமே. மார்பகப் பரிசோதனையைப் பொறுத்தவரை இது 0.9 சதவீதம். ஒப்பீட்டளவில் முன்னிலையில் இருந்த தமிழ்நாட்டிலும் கருப்பைவாய்ப் பரிசோதனை 10 சதவீதத்தை எட்டவில்லை.

அறிக்கைக்கு முந்தைய அலைச்சல்

மருத்துவரைச் சந்தித்துவிட்டால் தாமதம் முடிந்துவிடும் என்ற எண்ணம் நடைமுறையில் பொய்த்துப்போகிறது. நோயாளி முதலில் அணுகுவது புற்றுநோய் நிபுணரை அன்று. அருகிலுள்ள மருந்துக் கடைக்காரர், முறையான தகுதியற்ற சிகிச்சையாளர், பொது மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரில் ஒருவரையே அவர் முதலில் நாடுகிறார். ஒரு பொது மருத்துவர் நாள்தோறும் பார்க்கும் இருமல்களிலும் புண்களிலும் மிகச் சிலவே புற்றுநோயாக இருக்கும். ஆகவே அவர் முதலில் வழக்கமான நோய்களுக்கே மருந்து தருவது இயல்பு. அந்த மருந்து பலன் தராதபோது அடுத்த கட்டத்துக்கு எப்போது அனுப்புவது என்ற வரையறை இல்லாததே சிக்கல்.

நுரையீரல் புற்றுநோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தொடர் இருமல், எடை குறைதல், சளியில் ரத்தம், மார்பு எக்ஸ்ரேயில் நிழல் ஆகிய அனைத்தும் காசநோய்க்கும் பொருந்தும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், நுரையீரல் புற்றுநோயாளிகளில் கணிசமானோர் முதலில் காசநோய் மருந்துகளை உட்கொண்டு, சில மாதங்கள் கழித்தே புற்றுநோய் மையத்தை அடைவதை இந்திய மருத்துவர்களின் ஆய்வுகள் தொடர்ந்து பதிவு செய்துள்ளன. சளியில் காசநோய்க் கிருமி உறுதியாகாமலேயே மருந்து தொடங்கப்படும்போது இந்த ஆபத்து அதிகரிக்கிறது.

வாய்ப் புற்றுநோயில் ஆறாத புண்ணுக்குக் களிம்பும், ஆடும் பல்லுக்குப் பிடுங்கும் சிகிச்சையும் முதலில் அளிக்கப்படுகின்றன. மார்பகக் கட்டியில் வேறொரு பிழை நேர்கிறது. சிறிய மருத்துவமனைகளில், பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனைக்கு முன்பே கட்டி அகற்றப்பட்டுவிடுகிறது. அகற்றப்பட்ட திசு ஆய்வகத்துக்கு அனுப்பப்படாமல் போவதும் உண்டு. பின்னர் அதே இடத்தில் நோய் தலைகாட்டும்போது, அது எந்த நிலையில் தொடங்கியது, எவ்வளவு பரவியிருந்தது என்ற அடிப்படைத் தகவலே சிகிச்சையளிப்போரிடம் இருப்பதில்லை.

திசு எடுக்கப்பட்ட பின்னும் காத்திருப்பு தொடர்கிறது. நோய்க்குறியியல் மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து பலன் தரும் என்பதைத் தீர்மானிக்க, புற்றணுக்களில் உள்ள ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் கண்டறியும் கூடுதல் சோதனை அவசியம். பல மாவட்டங்களில் இவ்வசதி இல்லாததால், மாதிரி வேறு நகரத்துக்குப் பயணப்படுகிறது. உயர்நிலை மருத்துவமனையோ, வெளியில் செய்த பரிசோதனையில் ஐயம் இருந்தால் திசுவை மறுஆய்வு செய்கிறது அல்லது புதிதாகத் திசு எடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் நாட்களும் பணமும் செலவாகின்றன.

காப்பீடு தொடங்கும் இடம்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2024 முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இத்திட்டத்தில் சேர்ந்தோருக்குப் புற்றுநோய் சிகிச்சை உரிய காலத்தில் தொடங்கும் வாய்ப்பு கூடியுள்ளதாக, லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. பணமில்லாததால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் நிலையை இத்திட்டம் தணித்துள்ளது என்பதில் ஐயமில்லை.

ஆனால், திட்டத்தின் கட்டமைப்பே அதன் எல்லையையும் வகுத்துவிடுகிறது. இது உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாட்களின் செலவும், வெளியேறிய பின் 15 நாட்களின் செலவும் இதில் அடங்கும். புற்றுநோய் கண்டறியப்படும் பாதையோ 3 நாட்களில் முடிவதன்று. மேமோகிராம், ஸ்கேன், பயாப்ஸி, கூடுதல் திசுச் சோதனைகள் ஆகிய அனைத்தும் வாரக்கணக்கில் நீள்பவை. பெரும்பாலும் வெளிநோயாளியாகவே செய்யப்படுபவை.

இதன் விளைவு முரணானது. நோய் உறுதியான பின் லட்சக்கணக்கான ரூபாயை ஏற்க அரசு தயாராக உள்ளது. நோயை உறுதிசெய்யத் தேவைப்படும் சில ஆயிரம் ரூபாய்க்காக நோயாளி கடன் வாங்குகிறார் அல்லது காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் நோய் முற்றும்போது, பின்னர் அரசே ஏற்க வேண்டிய செலவும் கூடுகிறது.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைகள் இலவசம் என்ற வாதம் முன்வைக்கப்படலாம். தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் 134 வகைப் பரிசோதனைகளை வழங்கப் பரிந்துரைக்கிறது. எனினும், பட்டியலில் இருப்பதற்கும் குறித்த நாளில் கிடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இயந்திரம் இருந்தும் இயக்குநர் இல்லாத இடங்களும், மாதிரி எடுத்தும் அதைப் படிக்க மருத்துவர் இல்லாத இடங்களும் ஏராளம். ஆகவே, வசதியற்றோர்கூடத் தனியார் ஆய்வகங்களை நாட வேண்டியுள்ளது.

தொலைவும் கருவிகளும்

நோய் உறுதியான பின் காத்திருக்கும் மூன்றாம் கட்டத் தாமதத்தின் விலை என்ன என்பதை 2020ஆம் ஆண்டு பிஎம்ஜே இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. ஏழு வகைப் புற்றுநோய்கள் தொடர்பான 34 ஆய்வுகளைத் தொகுத்து, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அது ஆராய்ந்தது. அறுவை சிகிச்சை நான்கு வாரங்கள் தள்ளிப்போனால் உயிரிழப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை அதிகரிப்பதாக அதில் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் நான்கு வாரத் தாமதம் அரிதானதன்று. கதிர்வீச்சு சிகிச்சைக்கு, பத்து லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு கருவியேனும் வேண்டும் என்பது பரவலாகச் சுட்டப்படும் அளவுகோல். அதன்படி 1,400க்கும் மேற்பட்ட கருவிகள் தேவை. இருப்பவை ஏறக்குறைய அதில் பாதியளவே. இருப்பவையும் பெருநகரங்களிலும் தென், மேற்கு மாநிலங்களிலும் குவிந்துள்ளன.

அதனால்தான், 1941இல் தொடங்கப்பட்ட மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அதைச் சுற்றியுள்ள பரேல் பகுதியின் நடைபாதைகளில் நோயாளிகளும் உறவினர்களும் தங்கியிருக்கும் காட்சி மும்பைவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. பஞ்சாபின் பதிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேர் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நோயாளிகள் பயணிக்கும் ரயிலுக்குப் புற்றுநோய் ரயில் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் தொடங்காமல் இல்லை. வாரணாசி, சங்ரூர், முசாபர்பூர், விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் டாடா நினைவு மையம் தன் மருத்துவமனைகளை நிறுவியுள்ளது. அசாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளைகளும் இணைந்து 17 புற்றுநோய் மருத்துவமனைகள் கொண்ட வலைப்பின்னலைத் திட்டமிட்டன. அவற்றில் ஏழு 2022 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டன. அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நோயாளி கீமோதெரபிக்காக மாதந்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிப்பதை இம்மையங்கள் தவிர்க்கும். எனினும், அதே மாவட்டத்தில் பயாப்ஸி செய்து அறிக்கை தரும் வசதி உருவாகாவிடில், அம்மையத்தின் வாசலுக்கு நோயாளி வந்து சேர்வது தாமதமாகவே இருக்கும்.

60 நாள் இலக்கு

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஒன்றுகூட இல்லாததைச் சுட்டிக்காட்டி, சர்வதேச அணுசக்தி முகமை 2022இல் தனி உதவித் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் ஏற்படும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடையும் நிலையில், குறைந்த வருவாய் நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் கண்டறியப்படாமை, தவறாகக் கண்டறியப்படுதல், பாதியில் சிகிச்சையைக் கைவிடுதல் ஆகியவற்றை உலக சுகாதார அமைப்பு இதற்கான காரணங்களாகக் குறிப்பிடுகிறது.

மார்பகப் புற்றுநோய்க்காக அவ்வமைப்பு 2023இல் வெளியிட்ட செயல்திட்டத்தில் மூன்று அளவுகோல்கள் உள்ளன. பரவும் வகையைச் சேர்ந்த நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு முதல் இரு நிலைகளிலேயே நோய் கண்டறியப்பட வேண்டும். நோயாளி முதன்முதலில் மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாவது அளவுகோல் முக்கியமானது. அது நோயாளியின் விழிப்புணர்வை அன்று, மருத்துவக் கட்டமைப்பின் வேகத்தை அளக்கிறது. ஆனால், இந்தியாவில் இதை அளப்பதற்கான தரவே தொடர்ச்சியாகத் திரட்டப்படுவதில்லை. மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடுகள் நாட்டின் சிறு பகுதியையே உள்ளடக்குகின்றன. அவையும் நோய் உறுதியானவர்களையே பதிவு செய்கின்றன. அறிகுறியுடன் வந்து, அறிக்கை கிடைக்கும் முன்பே வழி தவறிப்போனவர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

இந்திய ஆய்வுகள் காட்டிய வழி

விலை உயர்ந்த தொழில்நுட்பம் இல்லாமலேயே தாமதத்தைக் குறைக்க இயலும் என்பதை மெய்ப்பித்த ஆய்வுகள் இந்திய மண்ணிலேயே நடந்துள்ளன. மும்பையில் 1998இல் தொடங்கி, 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கைகளாலேயே மார்பகப் பரிசோதனை செய்தனர். அப்பெண்களிடம் நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றுநோய் உயிரிழப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடம் அத்தகைய பலன் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

திண்டுக்கல் மாவட்டத்தில், வினிகர் கரைசலைத் தடவிக் கருப்பைவாயை நேரடியாகப் பார்க்கும் எளிய முறையால் உயிரிழப்பு 35 சதவீதம் குறைந்தது 2007இல் லான்செட் இதழில் வெளியானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், ஒரேயொரு முறை செய்யப்பட்ட எச்பிவி சோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் உயிரிழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது 2009இல் தெரியவந்தது. திருவனந்தபுரத்தில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரின் வாயைச் சுகாதாரப் பணியாளர்கள் பார்வையிட்டதன் மூலம் வாய்ப் புற்றுநோய் உயிரிழப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இந்த ஆய்வுகளின் வெற்றிக்குப் பரிசோதனை மட்டும் காரணம் அன்று. சந்தேகத்துக்குரியவர் எனக் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் அடுத்த கட்டச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் அழைத்துச் செல்லும் ஏற்பாடு அவற்றில் இருந்தது. 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூவகைப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையை அரசு நாடு தழுவிய திட்டமாக நடைமுறைப்படுத்தி வருகிறது. எத்தனை கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பது அதில் பெரிதும் பேசப்படுகிறது. சந்தேகத்துக்குரியோரில் எத்தனை பேருக்கு, எத்தனை நாட்களில் பயாப்ஸி அறிக்கை கிடைத்தது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி.

காசநோய் கற்றுத்தந்த பாடம்

இதற்கான முன்மாதிரியும் நாட்டிலேயே உள்ளது. காசநோய் 2012இல் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. கண்டறியும் சோதனை முதல் மருந்து வரை இலவசம். நிக்ஷய் இணையதளத்தில் ஒவ்வொரு நோயாளியும் பதிவு செய்யப்பட்டுச் சிகிச்சை முடியும் வரை பின்தொடரப்படுகிறார். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகை அவரது வங்கிக் கணக்குக்கே செல்கிறது. தனியார் மருத்துவர்களும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். குறைகள் இருப்பினும், இதில் நோயாளி ஒருவர் காணாமல் போனால் அது கணக்கில் தெரிகிறது.

புற்றுநோயையும் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்க வேண்டும் என நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் பரிந்துரைத்தது. சந்தேக நிலையிலிருந்தே பதிவு தொடங்குமாறு அதை விரிவுபடுத்தினால், பயாப்ஸிக்குக் காத்திருப்போரும் கணக்கில் வருவர்.

கண்டறிதல் செலவைக் காப்பீட்டின்கீழ் கொண்டுவருவதில் ஆபத்தும் உண்டு. தேவையற்ற ஸ்கேன்களுக்கும் போலிக் கோரிக்கைகளுக்கும் அது வழிவகுக்கலாம். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதால், அனைவரையும் உயர்நிலை மையத்துக்கு அனுப்பினால் அங்குள்ள வரிசை மேலும் நீளும். ஆகவே, மூன்று வாரங்களாக ஆறாத வாய்ப்புண், புதிதாகத் தோன்றிய மார்பகக் கட்டி, மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் ரத்தப்போக்கு போன்ற வரையறுக்கப்பட்ட சில அறிகுறிகளுக்கு மட்டும், அரசு மருத்துவர் அல்லது பதிவு பெற்ற மருத்துவரின் பரிந்துரையின் பேரில் கட்டணமில்லா பயாப்ஸி வரையிலான தொகுப்பை வழங்குவது நடைமுறைக்கு உகந்தது. நோயாளியை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு வழிநடத்த மாவட்டந்தோறும் ஒரு பணியாளரை அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

புதிய மருத்துவமனைகளும் வரிச்சலுகைகளும் தேவையானவையே. ஆனால், அவற்றின் முழுப் பயன் நோயாளி எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தது. முதல் சந்திப்புத் தேதியும் அறிக்கைத் தேதியும் ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவாகி, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால், எங்கே பணம் செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். கட்டடங்கள் எழுவதற்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கை அரசு இப்போதே தொடங்கலாம்.